வணிக ஒழுக்கவியல் என்று ஒரு பாடம் ஏன் வந்தது? அப்பா சிரிக்கிறார்

களுதாவளை வெற்றிலை
செவ்வாய், இரவு 8.42

எல்லோருக்கும் வணக்கம். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் மூன்றாம் வருடம். வணிக ஒழுக்கவியல் ஒரு கல்வித்துறையாகவும் சமூக நடைமுறையாகவும் எப்படி வளர்ந்தது என்று ஒப்படை ஒன்று தந்திருக்கிறார்கள். இரண்டு கிழமை அவகாசம். அதில் ஒன்று போய்விட்டது.

அப்பாவுக்குக் களுதாவளையில் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் இருந்து எழுதிக்கொண்டிருந்தேன். என்ன படிக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். "களவெடுக்காதே எண்டு சொல்லுறதுக்கு ஒரு பாடமா, அதுக்கொரு பேராசிரியரா?" என்று சிரித்துவிட்டு வெற்றிலைக் கட்டுக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

எனக்கும் சிரிப்பு வந்தது, பதில்தான் வரவில்லை. இந்தப் பாடம் எப்போது, எதற்காகத் தொடங்கியது? விரிவுரைக் குறிப்பில் எல்லாமே அமெரிக்கா. எங்கள் பக்கத்திலிருந்து எழுத ஏதாவது உண்டா, இல்லை குறள் ஒன்றைப் போட்டு முடித்துவிடுவதா?

புளியந்தீவான்
செவ்வாய், இரவு 8.51

வணிகமும் ஒழுக்கமும் ஒரு வசனத்தில் வந்தாலே சண்டை பிடிக்கும். இரண்டையும் ஒரே பாடத்தில் எப்படி அடைத்தார்கள்?

கணக்குப்பிள்ளை
செவ்வாய், இரவு 9.37

புளியந்தீவான், இந்தப் பகிடிக்கு அந்தத் துறையைவிட வயது கூட.

மகள், அப்பா கேட்டது நல்ல கேள்வி. 30 வருடத்துக்கு மேல் கணக்காய்வில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரிச்சர்ட் டி ஜோர்ஜ் என்று ஓர் அமெரிக்க மெய்யியலாளர். அவர் இதை மூன்று இழையாகப் பிரிப்பார். வியாபாரத்தில் நேர்மை வேண்டும் என்ற பேச்சு முதலாவது. அது வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. பல்கலைக்கழகப் பாடம் இரண்டாவது. கம்பனிகளுக்குள் வந்த ஏற்பாடுகள் மூன்றாவது: நடத்தைக்கோவை, அதற்கென்று ஓர் அதிகாரி, முறைப்பாடு சொல்ல ஒரு தொலைபேசி இலக்கம். அப்பா முதலாவதில் நின்றுகொண்டு இரண்டாவதைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஆனால் முதலாவது எட்டாத இடங்கள் வந்தபோதுதான் இரண்டாவது பிறந்தது.

அமெரிக்காவில் 1960கள் வரை இதைப் பேசியவர்கள் பெரும்பாலும் சமயத்தவர்கள். 1891இல் பாப்பரசர் 13ஆம் லியோ தொழிலாளரின் நியாயமான கூலி பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார், அந்தப் பரம்பரை. 1961இல் ரேமண்ட் போம்ஹார்ட் என்ற இயேசு சபைக் குரு (மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் எங்களுக்குக் கூடைப்பந்து காட்டித் தந்த அதே சபை) வியாபார நிர்வாகிகளிடம் ஒரு கருத்துக் கணிப்பு எடுத்தார். முடிவு என்ன தெரியுமா? நான் நேர்மையானவன், மற்றவன்தான் அப்படி இல்லை என்றே பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். கணக்காய்வுக்குப் போன ஒவ்வொரு கந்தோரிலும் இதையே நானும் கேட்டிருக்கிறேன்.

துறை என்று பெயர் வைத்தது 1974இல். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் மெய்யியல்காரரும் வணிகக்காரரும் சேர்ந்து மாநாடு நடத்தினார்கள். 1979இல் பாடநூல்கள் வரத் தொடங்கின. 1982இல் இதற்கென்றே ஓர் ஆய்விதழ். ஏன் அந்தக் காலத்தில் என்று கேட்டால், அதே வருடங்களில் பத்திரிகையில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. லொக்ஹீட் விமானக் கம்பனி வெளிநாட்டு அரசியல்வாதிகளுக்குக் கொடுத்த இலஞ்சம் வெளியே வந்தது. ஜப்பானின் முன்னாள் பிரதமர் தனாகா 1976இல் கைதானார். அடுத்த வருடமே வெளிநாட்டு இலஞ்சத்துக்கு எதிராக அமெரிக்காவில் சட்டம் வந்தது. எங்கள் நாட்டில் தனியார் துறைக்குள் நடக்கும் இலஞ்சம் குற்றமாவதற்கு 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது. இந்த இடைவெளியை ஒப்படையில் போடுங்கள், புள்ளி கிடைக்கும்.

மேசையில் இருந்து யோசித்து எடுத்த பாடம் இல்லை இது. அகப்பட்டவனின் வழக்குக் கட்டைப் பார்த்து எழுதிய பாடம்.

நிந்தவூர் காக்கா
செவ்வாய், இரவு 10.15

ஐயா, 1974 என்பது அவர்களுக்கு. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்கிறவர்களுக்கென்றே குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது, 83ஆவது. தான் வாங்கும்போது நிறைவாய் அளந்து, கொடுக்கும்போது குறைப்பவனுக்குக் கேடு என்று தொடங்கும். எங்கள் வாப்பா நெல் மில்லைத் திறந்த அன்று அதைத்தான் ஓதினார். குறளிலும் இருக்கிறது, 120ஆவது. பிறர் பொருளையும் தன் பொருளாய்ப் பேணுவதுதான் வாணிகம். இரண்டும் தெரியாத மில்காரன் அம்பாறை மாவட்டத்தில் இல்லை. அப்படியென்றால் மோசடி ஏன் நடக்கிறது?

தங்கச்சி, இதைக் கேள். நெல்லில் ஈரம் 14 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது நெல் சந்தைப்படுத்தும் சபையின் கணக்கு. இப்போது வெட்டு மெசின் வயல் வட்டைக்குள்ளேயே வெட்டித் தூற்றிக் கொடுத்துவிடுகிறது. காயப்போடக் களமும் இல்லை, ஆளும் இல்லை. ஈர நெல்தான் வருகிறது. நான் ஈரமானியை வைத்துப் பார்த்து, இவ்வளவு ஈரம், இவ்வளவு கழிக்கிறேன் என்று முகத்துக்கு முன்னால் சொல்கிறேன். பக்கத்து வியாபாரி அதெல்லாம் பார்க்காமல் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடத் தருகிறேன் என்பான். தராசில் வேறு இடத்தில் எடுத்துக்கொள்வான். நெல் எங்கே போகும்? அவனிடம்தான் போகும். ஒழுக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை, கட்டுப்படியாகவில்லை.

படுவான்கரைப் போடி
புதன், காலை 5.50

காக்கா கோபிக்க வேண்டாம். ஈரமானி நல்ல சாமான்தான். அது யார் கையில் இருக்கிறது?

மூடைக்கு 2 கிலோ கழிவு என்று எங்களிடம் வாங்குகிறார்கள். கேட்டால் சாக்கு நிறை என்கிறார்கள். சணல் சாக்குக் காலத்தில் அது சரி. இப்போதைய பிளாஸ்டிக் சாக்கு கால் கிலோகூட வராது. சாக்கு மாறிவிட்டது, கழிவு மட்டும் அப்படியே நிற்கிறது. இதைக் கேட்க முடியாது, ஏனென்றால் விதைக்கிறபோது உரமும் பயிருக்கு அடிக்கும் எண்ணெயும் கடனாகத் தந்தவரும் அவர்தான். 2021இல் அரசாங்கம் உரம் நிறுத்தின போகத்துக் கடனை இன்னும் இழுத்துக்கொண்டு இருக்கிறேன். அவருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

அந்தக் காலத்து வயற்சொந்தக்காரப் போடிமார் நேர்மையானவர்கள் என்றும் எழுதிவிடாதே புள்ள. என் பாட்டன் போடிதான். வயல் செய்து கொடுத்த முல்லைக்காரனுக்குக் களத்தில் நெல் அளந்த மரைக்கால் எது, தனக்கு அளந்த மரைக்கால் எது என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. நான் அதைச் சொல்லப்போவதில்லை.

புளியந்தீவான்
புதன், காலை 7.20

சொல்லாமலே சொல்லிவிட்டீர்கள் போடியார்.

சங்கக்கடை மனேச்சர்
புதன், முற்பகல் 11.05

தராசு, மரைக்கால் என்று கதை போவதால் நானும் ஒன்று சொல்கிறேன். 1844இல் இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரில் 28 பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள், நெசவாளர்களும் வேறு தொழிலாளர்களும். அந்தக் காலத்துக் கடைகளில் மாவுக்குள் சுண்ணாம்பு கலப்பார்கள், குடித்துக் காயவைத்த தேயிலையைத் திரும்ப விற்பார்கள். கலப்படம் இல்லாத சாமான், முழு நிறை, இந்த இரண்டும்தான் அவர்கள் கடையின் பேச்சு. கூட்டுறவு இயக்கத்தின் ஆணிவேர் என்று அந்தக் கடையைத்தான் சொல்வார்கள். 1911இல் இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. பங்கீட்டுக் கூப்பன் அரிசி, சீனி என்று உங்கள் பாட்டிமார் வரிசையில் நின்ற சங்கக்கடையும் அந்தக் கொடியில் காய்த்ததுதான்.

அந்த 28 பேரும் எந்த ஒழுக்கவியலும் படித்தவர்கள் இல்லை. சாமான் வாங்குகிறவனே கடைக்குச் சொந்தக்காரன், அவ்வளவுதான். தன் பிள்ளைக்குக் கொடுக்கும் மாவுக்குள் யார் சுண்ணாம்பு போடுவான்?

உண்மையையும் சொல்லவேண்டும். எங்கள் சங்கத்திலும் பிறகு களவு வந்தது. பொதுக்கூட்டத்துக்கு ஆள் வராமல் போன வருடத்திலிருந்துதான் வந்தது. நான் அப்போது உதவி மனேச்சர். பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பழைய கிழமைக்காரன்
புதன், இரவு 11.48

இரண்டு தரம் எழுதி அழித்துவிட்டு மூன்றாம் தரம் எழுதுகிறேன்.

கிரான், வாழைச்சேனைப் பக்கம் 2013இலிருந்து ஐந்து வருடம் கிழமைக் கடன் வசூலித்தவன் நான். ஏழைகளுக்குக் கொடுக்கும் சிறு கடன். நுண்நிதி என்று கடதாசியில் இருக்கும், சனத்தின் வாயில் கிழமைக் கடன். கம்பனியின் பெயர் வேண்டாம். சுனாமிக்குப் பிறகும் சண்டை முடிந்த பிறகும் இந்தப் பக்கம் வந்த பல கம்பனிகளில் அதுவும் ஒன்று.

எங்கள் கந்தோர்ச் சுவரில் ஒழுக்கக்கோவை பிரேம் போட்டு மாட்டியிருந்தது. வாடிக்கையாளரை மதிப்போம், உண்மையை மறைக்கமாட்டோம், அளவுக்கு மீறிக் கடன் கொடுக்கமாட்டோம். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். வாடிக்கையாளர் பாதுகாப்பு என்று ஒருநாள் பயிற்சியும் தந்தார்கள். பகல் சாப்பாட்டுக்குக் கோழி. கையெழுத்து வைத்தோம். ஆகவே தங்கச்சி, கணக்குப்பிள்ளை ஐயா சொல்லும் அந்த மூன்றாவது இழை கிரான் வரைக்கும் வந்து சேர்ந்தது, நான் சாட்சி.

அடுத்த நாள் காலையில் நான் போன வீட்டில் ஓர் அக்கா. 50,000 ரூபாய் கேட்கிறா. வட்டி எவ்வளவு தம்பி என்றா. 25 வீதம் அக்கா என்றேன். பொய் இல்லை. 50,000க்கு 12,500 வட்டி, மொத்தம் 62,500, 50 கிழமைக்குக் கிழமைக்கு 1,250. சுத்தமான கணக்கு. ஆனால் அந்த அக்கா முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறா. 25ஆவது கிழமையில் அவவின் கையில் 50,000 இல்லை, அதில் பாதிதான் இருக்கிறது. வட்டி மட்டும் முழு 50,000க்கும் ஓடுகிறது. குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அந்த 25 வீதம் கிட்டத்தட்ட 47 வீதம். ஒருநாள் இரவு சும்மா எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அடுத்த நாளும் 25 வீதம் அக்கா என்றுதான் சொன்னேன். அதற்கு அடுத்த நாளும்.

பொய் சொல் என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. மாதம் இவ்வளவு கடன் கொடுக்கவேண்டும், நிலுவை இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று மட்டும் சொன்னார்கள். மிச்சத்தை நானே கண்டுபிடித்தேன். கட்டாவிட்டால் ஒருவருக்கொருவர் பிணை நின்று கடன் எடுத்த குழுவில் உள்ள மற்றப் பெண்களை வைத்துக் கட்டவைக்கலாம். அல்லது வளவில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இருட்டும்வரை சும்மா நிற்கலாம், ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. பக்கத்து வீட்டார் பார்ப்பார்கள். அது போதும். எங்களுக்குக் கட்ட மற்றக் கம்பனியில் எடுத்தார்கள், மற்றக் கம்பனிக்குக் கட்ட எங்களிடம் எடுத்தார்கள். எனக்குத் தெரியும். மற்றக் கம்பனித் தம்பியும் நானும் ஒரே தேநீர்க் கடையில்தான் வடை சாப்பிடுவது.

2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை அரசாங்கம் ரத்துச் செய்தது. வட்டிக்கு 35 வீதம் என்று மத்திய வங்கி உச்சவரம்பும் போட்டது. அந்த வருடம்தான் நான் விலகினேன். மனச்சாட்சியால் என்று சொல்ல ஆசை. கொமிஷன் குறைந்ததால்.

களுதாவளை வெற்றிலை
வியாழன், காலை 6.30

அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. அம்மாவும் ஒரு குழுவில் இருந்தவ. அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தா.

மரத்தடி விரிவுரை
வியாழன், பிற்பகல் 3.10

இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறவர்களில் நானும் ஒருவன் (இந்த மாணவிக்கு இல்லை, புள்ளி பற்றி யாரும் கேட்கவேண்டாம்). நேற்று இரவு வந்த பதிவு எங்கள் பாடநூலில் பாதி அத்தியாயங்களைச் சங்கடத்தில் மாட்டுகிறது.

1970இல் இரண்டு எழுத்துகள் வந்தன. ஒன்று எல்லோருக்கும் தெரியும். மில்டன் ஃபிரீட்மன் ஒரு நியூயோர்க் பத்திரிகையில், வியாபாரத்தின் சமூகப் பொறுப்பு இலாபம் உழைப்பதுதான் என்று எழுதியது. சட்டத்துக்கும் ஒழுக்க வழக்கத்துக்கும் உட்பட்டு என்று அவர் சேர்த்த வரியை அவரைப் பிடித்தவர்களும் மறந்துவிடுவார்கள், பிடிக்காதவர்களும் மறந்துவிடுவார்கள். மற்றது ஜோர்ஜ் அகர்லொவ் எழுதிய ஆய்வுக்கட்டுரை. மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. கடைசியில் 2001இல் நோபெல் பரிசு கிடைத்தது. பழைய கார் விற்கிறவனுக்குக் கார் எப்படி என்று தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் நல்ல கார் வைத்திருப்பவனுக்கு நல்ல விலை கிடைக்காது, அவன் சந்தையை விட்டுப் போவான், ஓட்டைக் கார்கள் மட்டும் நிற்கும். நேர்மையற்ற வியாபாரி நேர்மையான வியாபாரியைச் சந்தையிலிருந்து துரத்துவான் என்பது அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. நிந்தவூர் காக்கா செவ்வாய் இரவு சொன்னது இதேதான். இந்தியக் கிராமங்களின் வட்டிக்காரரையும் அகர்லொவ் அதில் உதாரணம் காட்டுகிறார். இங்கே எழுதுகிறவர்களுக்கு அது புதுமையாக இருக்காது.

எங்கள் துறையில் ஃபிரீட்மனுக்கு எதிர்க்கட்சியாக எல்லோரும் நிறுத்துவது 1984இல் வந்த ஃபிரீமனின் அக்கறையுடைய தரப்பினர் கோட்பாட்டை. முதல் போட்டவன் மட்டும் இல்லை, தொழிலாளி, வாடிக்கையாளர், சரக்குத் தருபவர், ஊர் என்று கம்பனியால் பாதிக்கப்படும் எல்லோரையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பது அவர் வாதம். அதே வருடம் டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தது. அங்கே பாதிக்கப்பட்டவர்களை எந்த இயக்குநர் சபையும் தரப்பாக எண்ணி வைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கம். 1991இல் அமெரிக்காவில், கம்பனிக்குள் ஒழுக்கத்துக்கான முறையான திட்டம் இருந்தால் தண்டனையைக் குறைக்கலாம் என்று நீதிமன்ற வழிகாட்டி வந்தது. ஒழுக்க அதிகாரிகள், பயிற்சிப் பட்டறைகள், கோவைகள் எல்லாம் மளமளவென்று பெருகின. நல்லதும் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் என்ரோன் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பனிக்கு 64 பக்க ஒழுக்கக்கோவை இருந்தது. கணக்கு மோசடி வெளியே வந்து 2001 டிசம்பரில் விழுந்தது. கிரான் கந்தோர்ச் சுவரில் தொங்கியது அந்த 64 பக்கத்தின் பேரப்பிள்ளை.

இதற்கு எதிர்ப்பக்கம் ரானா பிளாசா. 2013 ஏப்ரல் 24, டாக்காவுக்கு அருகே ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தொழிற்துறையில் கோவைக்கும் பரிசோதனைக்கும் அதுவரை குறைவே இல்லை. பிறகு மே மாதத்தில் வந்த கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கையில் ஆடைக் கம்பனிகளோடு தொழிற்சங்கங்களும் கையெழுத்து வைத்தன. மீறினால் சட்டப்படி இழுக்கலாம். மாறியது அந்த ஓர் இடம்தான். யார் கேள்வி கேட்கலாம் என்பது. ரொச்டேலில் வாங்குகிறவன் கேட்டான். சங்கக்கடையில் பொதுக்கூட்டம் கேட்டது, ஆள் வராமல் போகும்வரை. போடியாரின் கேள்வியும் அதுதானே, ஈரமானி யார் கையில் இருக்கிறது?

நிந்தவூர் காக்கா
வியாழன், இரவு 8.25

சேர், அப்படியென்றால் விவசாயச் சங்கம் தனக்கென்று ஓர் ஈரமானி வாங்கி வைத்திருக்கட்டும். நான் பகைக்கமாட்டேன். எனக்கும் நல்லது. இரண்டு மீற்றரும் ஒரே இலக்கம் காட்டினால் பக்கத்து வியாபாரியிடம் போகமாட்டார்கள்.

படுவான்கரைப் போடி
வியாழன், இரவு 8.40

கழிவு 2 கிலோ?

நிந்தவூர் காக்கா
வியாழன், இரவு 8.58

அது வேறு கதை போடியார். நேரில் கதைப்போம்.

புளியந்தீவான்
வியாழன், இரவு 9.02

இவ்வளவு நேரமும் ஒழுங்காகத்தானே போய்க்கொண்டிருந்தது.

களுதாவளை வெற்றிலை
வெள்ளி, இரவு 7.15

எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிழமைக்கார அண்ணாவின் பதிவில் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கட கடைக்கு இதெல்லாம் பொருந்தாது, எனக்கு ஆக்களைத் தெரியும், ஆக்களுக்கு என்னைத் தெரியும்" என்றார்.

அதற்கு அவர் சொன்ன உதாரணம் எனக்கு நினைவிருக்கிறது. 2021இல் பால்மா இல்லாமல் போனதே, அந்த நேரம். வருவது கொஞ்சப் பக்கற். ரோட்டால் போகிறவர்கள் ஒரேயடியாக ஐந்து, ஆறு என்று அள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா பால்மாவை உள்ளே வைத்துவிட்டு, கேட்டால் இல்லை என்பார். கைக்குழந்தை உள்ள வீடுகளின் பெயர் கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது. அவர்களுக்கு மட்டும் ஒவ்வொன்று, பழைய விலைக்கு. ஒரு ரூபாய் கூட எடுக்கவில்லை. பால்மாவுக்கு வேறு சாமானைக் கட்டாயப்படுத்தி விற்ற கடைகளும் அப்போது இருந்தன, அப்பா அதைச் செய்யவில்லை.

எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ஒப்படையில் அதைத்தான் உதாரணமாகப் போடலாம் என்று யோசிக்கிறேன்.

கணக்குப்பிள்ளை
வெள்ளி, இரவு 7.50

மகள், மனம் குளிர்ந்தது. ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கடையில் சாமான் இருக்க விற்க மறுப்பது, இல்லை என்று சொல்வது, பதுக்குவது எல்லாம் குற்றம். அப்பா செய்தது நல்ல காரியமா, தண்டப்பணக் காரியமா? அந்த நேரம் அதிகாரி வந்திருந்தால் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் காட்டித் தப்ப முடியாது.

கல்முனை ராத்தா
வெள்ளி, இரவு 9.20

நான் இங்கே வாசிப்பது மட்டும்தான், எழுதுவது இல்லை. இதற்கு எழுதவேண்டும் போல இருக்கிறது.

தங்கச்சி, உங்கள் வாப்பாவைக் குறை சொல்லவில்லை. அதே 2021இல் என் தங்கச்சியின் பிள்ளைக்கு 14 மாதம். மச்சான் கட்டாரில். மட்டக்களப்புக்கு ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்விட்டு வரும்போது வழியில் எத்தனையோ கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி இறங்கிக் கேட்டோம். எல்லோரும் இல்லை என்றார்கள். ஒரு கடையில் நாங்கள் திரும்பும்போது ஒரு பிள்ளை பக்கற்றைப் பையில் மறைத்துக்கொண்டு பின்பக்கத்தால் போனது. உங்கள் கடையோ தெரியாது. இல்லையென்றே நினைக்கிறேன்.

அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எங்கள் பெயர் எப்படி இருக்கும்? எங்கள் பர்தாவைப் பார்த்துத்தான் இல்லை என்றார்கள் என்று உம்மா சொன்னா. நான் அப்படி நினைக்கவில்லை, ஊர் முகம் இல்லாததால்தான் அப்படிச் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து சேரும்போது பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

களுதாவளை வெற்றிலை
வெள்ளி, இரவு 10.05

ராத்தா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

சங்கக்கடை மனேச்சர்
வெள்ளி, இரவு 10.30

கூப்பன் காலத்தில் எங்களுக்குப் பிடிக்காத ஆளுக்கும் அரிசி கொடுத்தோம். கூப்பனில் முகம் இல்லை, இலக்கம்தான் இருந்தது. சில பேருக்குக் கொடுக்கும்போது கை கசக்கும், ஆனாலும் கொடுத்தோம். அந்தக் காலத்தை நான் புகழவில்லை, பாணுக்கு விடிய நாலு மணிக்கு வரிசை. ஆனாலும் ராத்தா சொன்னதை வாசித்தபோது அந்தக் கூப்பன்தான் நினைவுக்கு வந்தது.

மரத்தடி விரிவுரை
சனி, காலை 8.45

மாணவிக்கு: பால்மா உதாரணத்தைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் ராத்தாவின் பதிவோடு சேர்த்து. அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு. தெரிந்தவர்களுக்குள் இருக்கும் நேர்மையை வைத்துத் தெரியாதவர்களோடு வியாபாரம் செய்ய முடியாமல் போன இடத்தில்தான் இந்தத் துறை பிறந்தது. உங்கள் அப்பா அதன் வாசலில் நிற்கிறார். உள்ளே வந்தால் கிழமைக்கார அண்ணாவின் கந்தோர்ச் சுவர் இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவே என்ன செய்யலாம் என்று எனக்கும் முழுப் பதில் கிடையாது. 3,000 சொல்லுக்குள் நீங்கள் கண்டுபிடித்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

இன்னொன்று, இது பாடத்துக்கு வெளியே. கடைத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டப்படி குத்தவேண்டியது.

கல்முனை ராத்தா
சனி, காலை 9.10

போடுங்கள் தங்கச்சி. பெயர் மட்டும் வேண்டாம்.

பழைய கிழமைக்காரன்
சனி, இரவு 11.20

என்னுடையதையும் போடலாம். 47 வீதக் கணக்கைத் திரும்ப ஒருமுறை சரி பாருங்கள். கிழமைக்கு 1,250, 50 கிழமை. அந்த அக்காவுக்கு இப்போதாவது சொல்லவேண்டும் என்று நினைப்பேன். கிரான் சந்தையில் கண்டால் தம்பி சுகமா என்று கேட்கிறா.

களுதாவளை வெற்றிலை
ஞாயிறு, பிற்பகல் 4.35

சரி பார்த்தேன் அண்ணா, 47தான் வருகிறது. அம்மாவின் பழைய கட்டுக்கொப்பியையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அவவுடையது அதைவிடக் கூட.

தராசு விஷயம். கேட்டவுடன் அப்பா, "என்ட தராசை இந்த ஊருக்கே தெரியும்" என்றார். நான் கவிழ்த்துப் பார்த்தேன். முத்திரை இருக்கிறது, ஆனால் பல வருடப் பழசு. கொரோனா, பிறகு பெற்றோல் இல்லை, பிறகு மறதி என்று காரணம் அடுக்கினார். ஒரு கிலோ சீனிப் பக்கற்றை வைத்துப் பார்த்தோம், சரியாகத்தான் காட்டியது. அவர் பார்த்தாயா என்றார். சீனிப் பக்கற்றை நிறுத்ததும் நாங்கள்தானே அப்பா என்றேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை பிரதேச செயலகத்துக்கு முத்திரை குத்த வருகிறார்களாம். தராசை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகவேண்டும். படிக்கற்களும் கேட்பார்கள். 200 கிராம் கல்லை எங்கேயோ வைத்துவிட்டார், காலையிலிருந்து அரிசி மூடைகளுக்கு இடையில் தேடிக்கொண்டிருக்கிறார். நான் போய்க் கொஞ்சம் பிடித்துக் கொடுக்கவேண்டும்.